தேரி மணல்ல மூணு மெட்ராஸ் வண்டி

நல்லா இருக்கிற வண்டியை மணல்ல மாட்ட வெச்சி, அப்புறம் அதையே தோண்டி எடுத்துக் குடுத்து, ரெண்டுக்கும் தேங்க்ஸ் வாங்குற ஒரே தொழில் நம்மளுது தான்.

இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷத்துல எனக்கும் காலேஜுக்கும் ஒத்து வரல. அது என்னை வுட்டுச்சா, நான் அதை வுட்டேனான்னு எங்கம்மா இன்னும் கேட்டுக்கினு தான் கீறாங்க. அப்புறம் சாப்பாடு டெலிவரி, மொபைல் கடை, கல்யாணத்துல டிரோன் பறக்க வுடுறதுன்னு நாலு எடத்துல குந்திப் பார்த்துட்டு, கடைசியா அடையாறுல செல்வா அண்ணன் ஆரம்பிச்ச கம்பெனில வந்து வுழுந்தேன். புதுசா வண்டி ஓட்டக் கத்துக்கினவங்களைக் கும்பலா திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுக்குக் கூட்டிக்கினு போவோம். அங்க செக்கச்செவேல்னு மணல் மேடு மேடா கீது. பனந்தோப்பு வெச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட பர்மிஷன் வாங்கி, அவர் எடத்துல ஓட்ட வுடுவோம். செல்வா அண்ணன் முன்னாடி வண்டில வழி காட்டுவாரு. நான் மண்வெட்டியும் வாக்கி டாக்கியுமா பின்னாடி ஓடுவேன்.

யாருக்காவது வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்து தொண்டை கட்டினவங்க, பக்கத்து சீட்ல உக்காந்துக்கினு இல்லாத பிரேக்கை மிதிச்சி கால் வீங்கினவங்க, நீங்க எல்லாம் நம்ம சொந்தக்காரங்க. உங்களுக்குத் தான் இந்த டிரிப்பு கதை.

பாய் வுட்ட வார்த்தை

சிந்தாதிரிப்பேட்டைல மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வெச்சிருக்காரு கரீம் பாய். அவர் பொண்ணு நஸ்ரின். அதுக்கு ஒரகடத்துல வேலை கெடைச்சிருச்சு, வர்ற திங்கக்கெழமை சேரணும். கம்பெனி பஸ் அவங்க ஏரியாவுக்கு வராது. பாயோட பழைய ஜீப்பு வூட்டு வாசல்ல சும்மா தான் நிக்குது, பொண்ணு கையில லைசென்ஸும் கீது. சாவி மட்டும் பாய் சட்டைப் பாக்கெட்டை வுட்டு வெளிய வரல. ஒரு நாள் சண்டைல கோவமா, "மவுன்ட் ரோட்ல நீ ஓட்டிடுவியா? எங்கயாவது பாலைவனத்துல போய் ஓட்டு, அங்க தான் இடிக்கிறதுக்கு ஆள் இல்ல. அங்க ஓட்டிக் காட்டு, சாவி உனுக்கு. இல்லைன்னா வேலையே வாணாம்"னு ஒரு வார்த்தையை வுட்டுட்டாரு.

பொண்ணு அன்னிக்கே ஃபோன்ல தேடி எங்களைப் புடிச்சிருச்சு. கெளம்புறதுக்கு முன்னாடி எல்லாரையும் ஆபீஸ்ல உக்கார வெச்சி செல்வா அண்ணன் கிளாஸ் எடுத்தாரு. ரெண்டு நாள் சின்ன மேட்டுல பழகணும், மூணாவது நாள் காலைல பெரிய மேட்டைத் தாண்டணும், அது தான் பரீட்சை. "பெரிய மேடு தாண்டினா சாவி. நான் பக்கத்துலயே உக்காந்துருப்பேன்"னு பாய் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கினாரு. கிளாஸ் முடிஞ்சதும் என் சட்டையைப் புடிச்சி ஓரமா இழுத்துக்கினு போனாரு.

"நைனா, உள்ளதைச் சொல்லு. தமிழ்நாட்டுலயே பாலைவனம் கீதுன்னு என் பொண்ணுகிட்ட எவன்டா சொன்னது?"

காத்து

ரெண்டாவது வண்டி மயிலாப்பூர் ஜெயா மாமியோடது. ரிடையர் ஆனப்புறம் லைசென்ஸ் எடுத்தவங்க. பக்கத்து சீட்ல அவங்க வூட்டுக்காரர் சுந்தரம் மாமா. மாமாவுக்கு ஓட்டத் தெரியாது, ஆனா எப்படி ஓட்டணும்னு தெரியும்.

மணல்ல எறங்குறதுக்கு முன்னாடி டயர்ல கீற காத்துல பாதியைப் புடுங்கிடணும். அப்போ தான் டயர் ஒட்டகத்துக் கால் மாதிரி அகலமா உக்காரும், புதையாது. நான் மாமி வண்டிகிட்ட குந்திக்கினு வால்வை அமுக்கினேன். உஸ்ஸுன்னு சத்தம் கேட்டதும் மாமா ஓடி வந்தாரு. "டேய் டேய், என்ன காரியம் பண்ணிண்டிருக்க? கெளம்பற அன்னிக்கு பெட்ரோல் பங்க்ல கியூல நின்னு பிடிச்ச காத்துடா அது! மெட்ராஸ் காத்து!" எவ்ளோ சொல்லியும் மனுசன் வால்வு மேல கையை வெச்சி மூடிக்கினாரு. மாமி ஸ்டியரிங்கை வுட்டு எறங்காமலே கண்ணாடியை எறக்கினாங்க.

"அவனைத் தடுக்காதேங்கோன்னா. கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்களுக்குப் பண்ணணும்னு நான் நெனச்சிண்டிருக்கறதை அவன் டயருக்காவது பண்ணட்டும்."

நசுங்காத பழம்

காத்து போனா போவுது, எலுமிச்சம்பழம் வெக்காம வண்டியை எடுக்கக் கூடாதுன்னுட்டாரு மாமா. மயிலாப்பூர்லயே வாங்கி பையில போட்டு எடுத்துக்கினு வந்துட்டாரு. நாலு டயருக்கும் நாலு பழம் வெச்சாச்சு. மாமி கியரைப் போட்டு மெதுவா நகர்த்தினாங்க. நாங்க எல்லாம் அந்த 'டப்'பு சத்தத்துக்காகக் காத்துக்கினு நின்னோம். சத்தமே வரல.

குனிஞ்சிப் பார்த்தா, காத்து எறங்குன டயர் மெத்தை மாதிரி ஏறிப் போயிருக்குது, பழம் நாலும் மணல்ல பதவிசா அமுங்கி படுத்துக்கினு கீது. ஒரு கீறல் இல்ல. மாமா மூஞ்சு வெளுத்துருச்சு. "நாப்பது வருஷத்துல இப்படி நடந்ததே இல்ல. அபசகுனம். திரும்பிடலாம் ஜெயா"ன்னாரு. நான் வேற சும்மா இல்லாம, "மாமா, இதான் கரெக்டு பிரஷர், பழமே பாஸ் மார்க் போட்ருச்சு"ன்னேன். மொறைச்சாரு. அதுக்குள்ள கரீம் பாய் வந்து நாலு பழத்தையும் தோண்டி எடுத்து, ஜிப்பால தொடைச்சாரு.

"பழத்துக்கே ஒண்ணும் ஆவல, நமக்கு இன்னா ஆவப்போவுது? சர்க்கரை கீதா மாமா, சர்பத் போட்டுக்கலாம்."

யாரும் இல்லாத ஊர்ல டிராஃபிக்

மூணாவது வண்டி அடையாறு விக்னேஷோடது. ஐடி பையன். வண்டி புதுசு, பெருசு, மேல லைட்டே எட்டு கீது. மணல்ல ஓட்டுறதைப் பத்தி வீடியோ பார்த்துப் பார்த்து, செல்வா அண்ணனுக்கே கிளாஸ் எடுத்துக்கினு இருந்தான்.

மேடு ஏறுறதுக்கு ஒரே சட்டம் தான். முன்னாடி போற வண்டி உச்சியைத் தாண்டி 'கிளியர்'னு வாக்கி டாக்கில சொல்ற வரைக்கும் பின்னாடி வண்டி கீழயே நிக்கணும். ஏன்னா ஏறும்போது நடுவுல நின்னா கதை முடிஞ்சது, மறுபடி கெளம்பினா டயர் சுத்தி சுத்திக் குழி தான் தோண்டும். இதை மூணு வாட்டி சொல்லி, எல்லாரும் தலையாட்டி, அப்புறம் தான் மாமியை அனுப்பினேன். மாமி பாதி மேடு கூட ஏறல, விக்னேஷ் அவங்க பம்பரை மோந்து பார்த்துக்கினே பின்னாடி போறான்! அவன் போறானேன்னு நஸ்ரினும் பின்னாடியே. மாமி லேசா ஸ்லோ பண்ணாங்க. விக்னேஷ் பிரேக் அடிச்சான். நஸ்ரினும் பிரேக் அடிச்சிச்சு. மூணு வண்டியும் தி.நகர்ல தீபாவளிக்கு முன்ன நாள் நிக்கிற மாதிரி வரிசையா புதைஞ்சி நின்னுது. சுத்தி கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் நாலு பனமரம், ரெண்டு ஆடு.

நான் மண்வெட்டியைத் தூக்கிக்கினு மூச்சு வாங்க ஏறிப் போயி, "ஏன் மச்சி, கேப் வுடச் சொன்னேன்ல?"ன்னு கேட்டேன். அவன் நெஜமாவே பாவமா மூஞ்சை வெச்சிக்கினு சொன்னான்.

"இல்ல ப்ரோ, கேப் விட்டா நடுவுல எவனாவது பூந்துருவான்."

பாயோட கை

மூணாவது நாள் காலைல பெரிய மேடு. மாமி தாண்டிட்டாங்க, மாமா கண்ணை மூடிக்கினு தாண்டினாரு. விக்னேஷ் ரெண்டாவது தடவைல தாண்டிட்டான். ரெண்டு வண்டியும் மேட்டைச் சுத்திக்கினு மறுபடி இந்தப் பக்கமே வந்து நின்னுருச்சு. அடுத்து நஸ்ரின். ரெண்டு நாளா அது ஓட்டின ஓட்டத்தைப் பார்த்து செல்வா அண்ணனே, "இது கையில ஸ்டியரிங் பேசுதுடா"ன்னாரு. பிரச்சனை பொண்ணு இல்ல, பாய். ரெண்டு நாளா அவர் வலது கால் மிதிச்ச மிதியில ஜீப்போட தரை விரிப்பு கிழிஞ்சி போச்சு.

ஜீப்பு நல்ல வேகத்துல ஏறுச்சு. உச்சிக்கு கிட்டப் போனா கண்ணாடில மணல் மறைஞ்சி வெறும் வானம் மட்டும் தெரியும். பாய்க்கும் அது தான் தெரிஞ்சிது. "யா அல்லா"ன்னு ஒரு சத்தம். ரெண்டு கையாலயும் ஹேண்ட் பிரேக்கைப் புடிச்சி இழுத்துட்டாரு. ஜீப்பு அப்படியே மூக்கை மேல தூக்கிக்கினு குந்திருச்சு. தோண்டி, வந்த தடத்துலயே பின்னாடி எறக்கி, கீழ கொண்டாந்து நிறுத்துறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு. நஸ்ரின் எறங்கவே இல்ல. ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கினு நேரா பார்த்துக்கினு இருந்துச்சு. கண்ணு ரெண்டும் நெறைஞ்சி போய் கீது. "நான் புடிக்கலமா, கை தானா போயிருச்சு"ன்னு பாய் மெதுவா சொன்னாரு.

வெயில் ஏற ஏற மணல் தளர்ந்துடும். இன்னும் ஒரே ஒரு வாட்டி தான் முடியும்னு செல்வா அண்ணன் சொல்லிட்டாரு. நான் ஜன்னல்கிட்ட போயி, "அத்தாவை எறக்கி வுட்டுடு நஸ்ரின், தனியா தாண்டிடுவ நீ"ன்னேன். மூக்கை உறிஞ்சிக்கினு தலையை ஆட்டுச்சு.

"வேணாண்ணா. அத்தா இல்லாம தாண்டினா, 'நான் எங்க பார்த்தேன்'னு சொல்லி சாவியைத் தர மாட்டாரு. எனக்கு அவரும் வேணும், அவர் கையும் சும்மா இருக்கணும்."

தூக்கு

பாய் கையைக் கட்டிப் போட்றலாமான்னு நான் யோசிச்சிக்கினு இருக்கும்போதே ஜெயா மாமி அவங்க வண்டிலேர்ந்து எறங்கி வந்தாங்க. கையில ஒரு எவர்சில்வர் தூக்கு. லாட்ஜ்ல கலக்கி எடுத்துக்கினு வந்த மோர், விளிம்பு வரைக்கும் தளும்புது. மூடியைக் காணோம். நேரா பாய் ஜன்னல்கிட்ட போயி, "பாய், இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோ. எங்க ஆத்துக்காரருக்கு மடில வெச்சுக்கத் தெரியல, கொட்டிடறார். ரெண்டு கையாலயும் பிடிங்கோ. எல்லாருக்கும் குடிக்க இது ஒண்ணு தான் இருக்கு"ன்னாங்க. பெரிய மனுஷி, பாயால மாட்டேன்னு சொல்ல முடியல. வாங்கிக்கினாரு. மாமி என்னைத் தாண்டிப் போகும்போது புடவைத் தலைப்புல மறைச்சிருந்த மூடியைக் காட்டினாங்க.

"போலாமா அத்தா?"ன்னு கேட்டுச்சு நஸ்ரின். "மெதுவா போ, மோரு"ன்னாரு பாய். "மெதுவா போனா புதைஞ்சிரும் அத்தா"ன்னு சொல்லிக்கினே கெளப்பிருச்சு. ஜீப்பு உறுமிக்கினு ஏறுது. பாய் தலை மட்டும் தெரியுது, ரெண்டு கையும் நெஞ்சுகிட்ட, மேடு பள்ளத்துக்கு ஏத்தாப்புல தூக்கை இப்படியும் அப்படியும் சாய்ச்சிக்கினு, பொண்ணைப் பார்க்கல, வானத்தைப் பார்க்கல, மோரை மட்டும் பார்க்குறாரு. உச்சில ஜீப்பு ஒரு செகண்டு அப்படியே தொங்குன மாதிரி தெரிஞ்சிது. அப்புறம் முன்னாடி குனிஞ்சி அந்தப் பக்கம் காணாமப் போயிருச்சு. வண்டில கட்டியிருந்த ஆரஞ்சுக் கொடியும் மறைஞ்சிருச்சு.

'கிளியர்'னு வரணும். வரல. மாமா வாய்க்குள்ள ஏதோ சுலோகம் சொல்றாரு. வீடியோ எடுக்குறேன்னு நின்ன விக்னேஷ் ஃபோனைத் தலைகீழா புடிச்சிக்கினு நிக்கிறான். நான் மண்வெட்டியைத் தூக்கிக்கினு ஓடலாம்னு ஒரு கால் எடுத்து வெக்கிறேன், வாக்கி டாக்கி கரகரன்னுது. பாய் குரல்.

"தாண்டிட்டாடா நைனா! சாவி அவளுக்குத் தான், சொன்ன சொல் சொல் தான். மாமிகிட்ட சொல்லு, மோருல பெருங்காயம் தூக்கலா கீது, மூக்கு வரைக்கும் போயிருச்சு."

தேனாம்பேட்டை சிக்னல்

திருச்சியில ராத்தங்கிட்டு ஞாயித்துக்கெழமை கெளம்பினோம். வண்டலூர் வரைக்கும் பாய் ஓட்டினாரு. அங்க டீ குடிச்சிட்டு, சாவியைப் பொண்ணு கையில வெச்சிட்டு, சுத்தி வந்து பக்கத்து சீட்ல உக்காந்துக்கினாரு. ஞாயித்துக்கெழமை சாயந்திரம், ஊருக்குத் திரும்புற மொத்த ஜனமும் ரோட்டுல. கிண்டி தாண்டுறதுக்குள்ள எனக்கே ரெண்டு வாட்டி உசுரு போயிட்டு வந்துச்சு. பாய் இன்னா பண்றாரோ, எதை இழுக்குறாரோன்னு பயந்துக்கினே கம்பெனியோட இன்னொரு வண்டில பின்னாடி போனேன்.

மவுன்ட் ரோட்ல, தேனாம்பேட்டை சிக்னல்ல ஜீப்பு பக்கத்துல போய் நிறுத்தினேன். ரெண்டு பக்கமும் பஸ்ஸு, நடுவுல ஆட்டோ, பின்னாடி ஒரு தண்ணி லாரி. உள்ள எட்டிப் பார்த்தா பாய் சீட்டை நல்லா சாய்ச்சிப் போட்டு, வாயைத் தொறந்துக்கினு, காலை நீட்டிப் படுத்துக்கினு கீறாரு. எனக்கு சந்தோஷம் தாங்கல. நாளைக்கு வேலைக்குப் போற பொண்ணுக்கு ஒரு சலாம் வெக்கலாம்னு ஹாரன் மேல கையை வெச்சேன். நஸ்ரின் பதறிப் போய் கண்ணாடியை எறக்கி, வாய் மேல வெரலை வெச்சி, அந்த மொத்த சிக்னலுக்கும் சேர்த்து என்கிட்ட ரகசியமா சொல்லுச்சு.

"அண்ணா, ஹாரன் அடிக்காதீங்க, அத்தா தூங்குறாரு."

மணல்ல வண்டி ஓட்டுறதுக்கு மூணு நாள் போதும்ங்க, பக்கத்து சீட்ல கம்முன்னு உக்கார்றதுக்குத் தான் எந்த ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்னும் லைசென்ஸ் குடுக்க ஆரம்பிக்கல.