மௌனத்துக்கு ஒரு பொன்னாடை

பியானோவில் சத்தத்தை எவனும் எழுப்புவான், மௌனத்தை வாசிப்பவன்தான் கலைஞன் என்பது என் கொள்கை. வெளிநாட்டு மேடைகளில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். சொந்த ஊரான திருச்சியில் கச்சேரிக்குக் கூப்பிட்ட சபா செயலாளரிடமும் சொல்லி வைத்தேன். "பிரமாதம் சார்" என்றார்.

கச்சேரியன்று சொனாட்டா என்ற நீண்ட பியானோ படைப்பின் முதல் பகுதி முடிந்தது. அடுத்தது மிக மெல்லிய பகுதி. கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடி, அரங்கம் அடங்கக் காத்திருந்தேன். தோளில் ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தால் ஜரிகைப் பொன்னாடை! பக்கத்தில் சிறப்பு விருந்தினர் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். "சார், கொஞ்சம் சிரிங்க" என்கிறார் போட்டோகிராபர். பிறகு விருந்தினர் மைக்கைப் பிடித்து, தன் மகள் கீபோர்டு கற்கும் கதையைச் சொல்லி முடித்தார். அதற்குத்தான் பலத்த கைதட்டல்.

கச்சேரி முடிந்ததும் செயலாளர்மேல் பாய்ந்தேன். "நடுவுல எப்படிங்க மேடையேறலாம்?"

"அவருக்கு ஸ்ரீரங்கத்துல ஒரு ரிசப்ஷன் சார், சீக்கிரம் போகணும்னார். வாசிக்கிறப்ப தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு, நீங்க சொன்ன மௌனம் வர்ற வரைக்கும் காத்திருந்தோம். இன்னும் ரெண்டு பேர் பொன்னாடையோட நின்னாங்க. அடுத்த தடவை மௌனத்தைக் கொஞ்சம் நீட்டி வாசிங்க சார்."