ஒட்டித் தருவது இலவசம்

தம்பி விலை போடுகிற அழகே தனி. பெயர்ப் போர்டு வேண்டும் என்று யாராவது வந்து நின்றால் போதும், கால்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டுவான். “பிரின்ட்… லேமினேஷன்… ஷீட்… போக வர பெட்ரோல்… டேப்… பிளேடு…” பிளேடு வரைக்கும் வந்து நின்றுவிடுவான். அதற்கு மேல் அவன் கணக்கில் ஒன்றும் கிடையாது. அந்த பிளேடைக் கையில் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் தரையில் ஒருத்தி குந்தியிருக்கிறாளே, அவள் அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வரமாட்டாள்.

அந்த ஒருத்தி அவனுடைய சொந்த அக்கா. கடைக்கு வந்துபோகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் குமிழி அக்கா. ஒட்டின ஸ்டிக்கருக்கு அடியில் கடுகளவு காற்றுக் குமிழி இருந்தாலும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்து வெளியே தள்ளாமல் எழுந்திருக்கமாட்டாள். பெயரைப் பாசத்தோடுதான் வைத்தார்கள். பாசத்துக்கு யாரும் பில் போடுவதில்லை என்பது வேறு விஷயம்.

கடையில் பிரின்ட் அடிக்கிற மெஷின் இல்லை. அது வாங்குகிற காசுக்கு ஒரு வீடே வாங்கிவிடலாம். சின்னக் கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் தம்பியும் செய்தான். டிசைனைப் பெரிய பிரஸ்ஸுக்கு அனுப்புவான். அவர்கள் அடித்துச் சுருட்டி வைப்பார்கள். இவன் பைக்கில் போய்த் தூக்கிக்கொண்டு வருவான். கடைக்காரர்களுக்கென்று பிரஸ்ஸில் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைத்துப் போடுவார்கள். அந்தக் குறைச்சலும் அதன் மேல் இவன் ஏற்றுகிற கொஞ்சமும்தான் கடையின் வருமானம். அதிலும் ஆரம்பத்தில் நன்றாக அடி வாங்கினான். மூன்றரை அடி அகலத்துக்கு விலை சொல்லி ஆர்டர் பிடித்துவிட்டுப் போனால், பிரஸ்ஸில் ரோல் நாலடி என்று முழு அகலத்துக்கும் காசு கேட்டார்கள். மிச்ச அரையடி வெறும் வெள்ளையாக வந்தது. கைக்காசைப் போட்டுக் கட்டினான். அதோடு உஷாராகிவிட்டான். இப்போது வெட்டிக் குப்பைக்கூடையில் எறிகிற வெள்ளை ஓரத்துக்கும் அவனிடம் ஒரு விலை உண்டு.

குப்பைக்கு விலை உண்டு, அக்காவுக்கு இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

அவள் இங்கே வேலைக்கென்று வந்தவள் அல்ல. கடை திறந்த புதிதில் ஒரு மருந்துக்கடைக்காரர் பெரிய போர்டு ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். பிரின்ட் வந்தது. தம்பி பின்தாளை ஒரேயடியாக உரித்துவிட்டு, ஸ்டிக்கரை ஷீட்டின் மேல் போர்வை போர்த்துகிற மாதிரி போட்டான். போட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. இழுத்தால் கிழிகிறது, விட்டால் சுருங்குகிறது. அக்கா அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “என் ராசியே இப்படித்தான்கா” என்றான். அவனுடைய ராசியை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, மறுபடியும் ஒரு பிரின்ட் எடுத்து வரச் சொன்னாள். பிள்ளைகளின் புத்தகங்களுக்கு அட்டை போட்ட கை அது. ஓரத்தை மட்டும் உரித்து ஒட்டி, சாண் சாணாகத் தாளை இழுத்து, கூடவே துணி சுற்றின பிளாஸ்டிக் தகடால் தேய்த்துக்கொண்டே போனாள். இரண்டு குமிழியோடு போர்டு ஏறியது. மருந்துக்கடைக்காரருக்கு அது தெரியக்கூட இல்லை. அவளுக்குத்தான் அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் அந்த இரண்டும் கண்ணை உறுத்தின.

“கொஞ்ச நாளைக்கு வந்து உதவி பண்ணேன்கா. கடை நிமிர்ந்ததும் ஒரு ஆளைப் போட்டுக்கிறேன்” என்றான் தம்பி.

கடை நிமிர்ந்தது. புது ஷட்டர் வந்தது, புது பைக் வந்தது, டிசைன் செய்யப் பெரிய கம்ப்யூட்டர் வந்தது. ஆள் மட்டும் வரவில்லை. கொஞ்ச நாள் கொஞ்ச நாள் என்று இழுத்துக்கொண்டே போனதில் அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டுக் கல்லூரிக்கே போய்விட்டாள். அக்கா தினமும் பஸ் ஏறி வந்து, தரையில் மண்டிபோட்டு, போர்டு போர்டாக ஒட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு சோப்புத் தண்ணீர் அடித்து ஒட்ட வேண்டும், இரும்பு போர்டுக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒட்ட வேண்டும், ஃபோம் ஷீட்டில் ஒரு தடவை தப்பினால் தப்பினதுதான். எல்லாம் பழகிவிட்டது. முட்டியும் பெருவிரலும்தான் பழகவில்லை. படுத்தால் பெருவிரல் விண்விண்ணென்று தெறிக்கும்.

தம்பி கெட்டவன் இல்லை. அவளுக்கு அதுதான் பெரிய ஆத்திரம். கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கலாம். இவனோ நினைத்துக்கொண்டால் சட்டைப்பையில் இருப்பதை எடுத்து, “வச்சுக்கோக்கா” என்று கையில் திணிப்பான், குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. நினைத்துக்கொள்ளாத மாதங்களில் ஒன்றும் கிடையாது. போய்க் கேட்கவும் அவளுக்கு வாய் வராது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். சொந்தக்காரர்கள் கூடினால் அவருக்கு ஒரே ஒரு ஜோக்தான். “என் மச்சான் கடையில எனக்கும் பங்கு இருக்கு, தெரியுமா? அவன் கடை ஆளுக்கு பஸ் காசு நான்தான் கொடுக்கிறேன்.” எல்லோரும் சிரிப்பார்கள். தம்பிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். அக்காவும் பல்லைக் காட்டிவைப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு பாத்திரங்கள் படாதபாடு படும்.

இப்படியே போயிருக்கும். அதற்குள் பிரஸ்காரர்கள் தங்கள் விலைப்பட்டியலை ஃபோனில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் வந்தவன் போனவன் எல்லாம் ஃபோனை நீட்டி, “பிரஸ்லயே இவ்வளவுதானே? நீ ஏன் கூடச் சொல்றே?” என்று கேட்க ஆரம்பித்தான். தம்பி ஆடிப்போய்விட்டான். ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்து, தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஃபோனில் ஒரு செய்தி அனுப்பினான். அந்தக் கூட்டத்தில் அக்காவின் நம்பரும் இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு படித்தாள். பிரஸ் விலையே எங்கள் விலை. ஒட்டித் தருவது இலவசம்.

உச்சந்தலையில் சுரீரென்றது. மறுநாள் கடையில் காலை வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டாள்.

“எதுடா இலவசம்?”

“ஒட்டுறதுதான்கா.”

“யாரைக் கேட்டு இலவசம்னு போட்டே?”

“வேற என்னக்கா செய்யச் சொல்றே? ஒட்டுறதுக்குன்னு தனியா காசு கேட்டா ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.”

ஒட்டுகிற வேலைக்கு ஒரு விலை வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அதிலிருந்து தனக்கென்று ஒரு சம்பளம் கேட்க வேண்டும் என்று அவள் வெகுநாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கே விலை இல்லை என்றால் எதிலிருந்து கேட்பது? அவள் கேட்கப்போய்க் கடை படுத்துவிட்டால் ஊர் அவளைத்தானே சொல்லும்? அவன் சொன்னதை அப்படியே நம்பினாள். நம்பிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஜிம்காரர் வந்தார். அடுத்த தெருவில் புதிதாக ஜிம் திறந்தவர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். வாசல் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தார். அக்காதான் போய் ஸ்டூல் போட்டு ஏறி அளவெடுத்து வந்தாள். தம்பி விலை சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். இப்போது அவர் தோளில் ஒரு ரோலைச் சாய்த்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தார். ரோலைச் சுற்றியிருந்த உறையில் பிரஸ்ஸின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. நேரா வந்தா இன்னும் கொஞ்சம் குறைச்சுத் தர்றோம்னு பிரஸ்ல சொன்னாங்க. அங்கேயே அடிச்சுட்டேன். ஒட்ட மட்டும் இங்க எடுத்துட்டு வந்தேன். உங்ககிட்ட ஒட்டுறது ஃப்ரீதானே?”

தரையில் ஒரு பள்ளிக்கூடப் போர்டைத் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

தம்பி மென்று விழுங்கினான். “அது வந்து… நம்மகிட்ட பிரின்ட் எடுத்தாத்தான்…”

“அப்படி ஒண்ணும் போடலையே?” ஜிம்காரர் ஃபோனை எடுத்துக் காட்டினார். போடவில்லைதான்.

தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு, அக்காவுக்கு அப்படியே எதையாவது எடுத்து அவன் மண்டையில் போடலாமா என்று வருகிற மாதிரி, குழைந்துகொண்டே திரும்பினான். “அக்கா… கண்ணாடிதானே. சட்டுனு ஒட்டிக் கொடுத்துட்டு வந்துடேன். சார் நாளைக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வருவாரு.”

அக்கா எழுந்தாள். முட்டி மடக்கென்றது.

“எந்த நாலு பேருடா? ஓசியில ஒட்டிக்க வர்ற நாலு பேரா?”

“அக்கா, மெதுவா…”

“என்னடா மெதுவா? அளவெடுக்க நான், ஒட்ட நான், காசு மட்டும் பிரஸ்காரனுக்கா?” ஜிம்காரர் பக்கம் திரும்பினாள். “உங்களைத்தான் கேட்கிறேன் சார். உங்க ஜிம்முல யாரையாவது ஓசியில உள்ள விடுவீங்களா?”

“மாட்டேங்கா.” அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப என் கை மட்டும் ஓசியா? என் முட்டி ஓசியா? ஒட்டுறதுக்கு ரெண்டாயிரம். இஷ்டம்னா ரோலைக் கீழ இறக்குங்க. இல்லைன்னா வந்த வழியே தூக்கிட்டுக் கிளம்புங்க.”

ஆளைத் துரத்துவதற்கென்றே சொன்ன தொகை அது. அந்த பிரின்ட்டுக்கே அவ்வளவு ஆகியிருக்காது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. ஜிம்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார். ரோலைத் தோளிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அவ்வளவுதானேக்கா? ஒட்ட ஆள் அனுப்ப பிரஸ்ல மூவாயிரம் கேட்டாங்க. இங்க ஃப்ரீன்னு போட்டிருந்துச்சேன்னு கேட்டுப் பார்த்தேன், தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலம் ஆளுங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

அவர் பாட்டுக்கு நோட்டுகளை எண்ணி மேஜையில் வைத்தார். ஃபோன் வந்ததென்று பேசிக்கொண்டே வாசலில் போய் நின்றார். பேரம்கூடப் பேசவில்லை.

தம்பிக்கு உயிர் வந்தது. பழக்கதோஷத்தில் நோட்டுகளை அள்ளி டிராயரில் போட்டு மூடினான். முகமெல்லாம் சிரிப்பு. “பார்த்தியாக்கா? நீ கேட்டதும் கொடுத்துட்டாரு!”

அக்காவுக்கு அந்த இடத்தில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் முட்டியது. அது அழுகை இல்லை, அத்தனையும் கோபம். கேட்டதும் கொடுத்துவிட்டார். அப்படியானால் மருந்துக்கடைக்காரர்? பள்ளிக்கூடக்காரர்கள்? இத்தனை வருஷமாக இந்த வாசலில் ஏறி இறங்கினவர்கள்?

“இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டிருக்கியாடா?” என்றாள். குரல் அடங்கியிருந்தது. தம்பிக்குச் சிரிப்பு போய்விட்டது.

“கேட்டா போயிடுவாங்கன்னு…”

“போயிடுவாங்களா மாட்டாங்களான்னு கேட்கலை. கேட்டியா? ஒரே ஒருத்தர்கிட்டயாவது?”

அவன் கால்குலேட்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினான்.

“ஏன்டா கேட்கலை?”

“கூச்சமா இருந்துச்சுக்கா. பிரின்ட்டுக்கு நான் காசு கொடுக்கிறேன், ஷீட்டுக்குக் கொடுக்கிறேன், அதனால கேட்கிறேன். இதுல…” அவன் நிஜமாகவே விளங்க வைக்கப் பார்த்தான். அவன் முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. “உனக்குன்னு எனக்கு எதுவும் செலவாகலையேக்கா. ஆகாத செலவுக்கு எப்படி இன்னொருத்தர்கிட்ட காசு கேட்கிறது?”

அவன் அவளை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வாசலில் ஜிம்காரர் ஃபோனில் யாரிடமோ, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“இனிமே ஆகும்” என்றாள் அக்கா.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். “சரிக்கா” என்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான், “எவ்வளவு?”

முன்பின் தெரியாத ஆளிடம் ஒரே மூச்சில் தொகை சொன்னவளுக்கு, கூடப்பிறந்தவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவன் சொன்ன அதே பாழாய்ப்போன கூச்சம் அவளிடமும் வந்து ஒட்டிக்கொண்டது. போனால் போகிறது, நீயே பார்த்துக் கொடு என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நச்சரித்தது. அவளுக்கு அதன் மேலும் கோபம் வந்தது.

கூச்சத்தோடேயே சொன்னாள். வாசலில் நின்றவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

“ஒட்டுறதுல வர்றது முழுக்க எனக்கு. பிரின்ட்டுல வர்றது உனக்கு.”

சொல்லிவிட்டு, அவன் எழுந்து வழிவிடுவான் என்று காத்திருக்காமல், டிராயரை அவளே இழுத்துத் திறந்தாள்.