பாதியில் போன துப்பறியும் கதை

என் பேத்தி அவனியாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தன் ஒன்பதாம் வகுப்புக்குள்ளேயே ஒரு லைப்ரரி வைத்திருக்கிறாள். பிள்ளைகளின் தெருக்களில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய புத்தகங்கள். உருது, சௌராஷ்டிரா, இங்கிலீஷ், சமையல், கிரிக்கெட் என்று எல்லாம் இருக்கிறது. பெருமையாகத்தான் சொல்கிறேன், என் பேத்தியாக்கும்.

நானும் ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன். நான் பாதி படித்திருந்த துப்பறியும் கதையும் அதோடு போய்விட்டது. கொலை செய்தது யார் என்று தெரியாமல் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்று ஷேர் ஆட்டோ பிடித்து வகுப்புக்கே போய்விட்டேன்.

புத்தகம் எடுப்பவர்கள் பேரை எழுதும் நோட்டை வைத்திருந்த பெண், "பாட்டி, நீங்க எந்த கிளாஸ்?" என்றாள்.

"அஞ்சு. அதோட நிப்பாட்டிட்டாங்க."

"இது ஒன்பதாங்கிளாஸ் லைப்ரரில்ல?"

பேத்தியைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் அம்மாச்சி. புத்தகம் வேணும்னா நீ படிச்ச வரைக்கும் கதையச் சொல்லு. பிள்ளைங்க சரின்னா உன் பேரையும் நோட்டுல எழுதுறோம்" என்றாள்.

சொன்னேன். கிணற்றடியில் கிடந்த ஒற்றைச் செருப்பு, பொய் சொன்ன டாக்டர், காணாமல் போன டிரைவர் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். வகுப்பே வாயைப் பிளந்தது.

"அம்புட்டுதான். இதுக்கு மேல நான் படிக்கல."

அவ்வளவுதான், அத்தனை பேரும் நோட்டின் மேல் பாய்ந்தார்கள். கூட்டம் விலகி நான் பேர் கொடுக்கும்போது இருபத்து மூன்றாவது ஆள்.

"ஆளுக்கு ஒரு வாரம் பாட்டி" என்றாள் அந்தப் பெண்.

உங்கள் பிள்ளை யாராவது அந்த வகுப்பில் இருந்தால், தயவுசெய்து கொஞ்சம் வேகமாகப் படிக்கச் சொல்லுங்கள்.