பாண்டி சொல்லாத சம்மதம்

அடுத்தவனுக்கு ஆஜர் சொல்லும் தொழிலுக்குத் தொண்டை ஒன்றுதான் முதலீடு. வகுப்பில் கொட்டாவியை மென்று விழுங்கும் பி.யு.சி. தோழர்களே, உங்களுக்கு இது புரியும்.

இருமல்

எங்கள் அரசியல் லெக்சரர் பேர் வாசிக்கும்போது தலை நிமிர மாட்டார். வராதவனுக்கு நான் அவன் குரலிலேயே 'எஸ் சார்' போடுவேன். கூலி ஒரு பரோட்டா. கேரள எல்லையோரம் தேவாரம் ஊர்க்காரன் செல்வம் ஊர்சுற்றப் போகிற நாட்களில் அவனுடைய மலையாள இழுவையோடு, நம்பும்படியாக ஒரு இருமலும் சேர்ப்பேன். ஒருநாள் செல்வமே வந்து, இருமாமல் 'எஸ் சார்' என்றான். லெக்சரர் தலை நிமிராமலே சொன்னார்: "அப்பாடா, ஒருவழியா இருமல் விட்டுருச்சாய்யா?"

சம்மதம்

முந்நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்துத் தத்துவஞானி ஒருவர். புத்தகப் படத்தில் தோள்வரை முடி. ஆளப்படுகிறவன் சம்மதித்தால்தான் ஆட்சி செல்லும் என்றவர் அவர்தான், இன்று நாம் போடுகிற ஓட்டுக்கே வேர் அங்கேதான் இருக்கிறது என்று பாடம் நடத்திய லெக்சரர், அன்றே அதைச் செய்து காட்டவும் ஆசைப்பட்டார். பத்து மணி வகுப்பை எட்டுக்கு மாற்றலாமா? ஒருவன் மறுத்தாலும் மாற்ற மாட்டாராம். பேர் பேராகக் கேட்டார்.

கடமலைக்குண்டு பாண்டி அன்று வரவில்லை. ஆஜர் போடச் சொல்லவும் இல்லை. அவன் ஊர் முதல் பஸ்ஸே ஒன்பதரைக்குத்தான் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் பேர் வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. அவனுடைய கரகரத்த குரலில், "முழுச் சம்மதம் சார்!" என்றேன். பின் பெஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. லெக்சரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது: "ஒருத்தர்கூட மறுக்கலியேப்பா, இதுதான்யா ஜனநாயகம்!"

பாண்டியின் பங்கு

மறுநாளிலிருந்து பாண்டி வந்து சேர்வதற்குள் வகுப்பு முடிந்துவிடும். ஆஜர் குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். பாண்டி ஸ்டாஃப் ரூமுக்குப் போய் லெக்சரர் முன்னால் நின்றான்; நானும் பின்னாலேயே போனேன். "நீயும் சம்மதம்னியேப்பா, என் காதால கேட்டேனே" என்றார் அவர். பாண்டி திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். எனக்குத் தரையைத் தவிரப் பார்க்க இடமில்லை. "ஆமா சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

"விடுறா, தெனமும் நான் ஆஜர் போட்டுர்றேன்" என்றேன், கெஞ்சலாக.

"ஏலே, எங்கய்யா என்னயப் பாடம் கேக்க அனுப்பிச்சாக. சம்மதத்த என் குரல்ல சொன்னேல்ல? இப்ப உள்ள போயி, உண்மைய ஒங் குரல்ல சொல்லு பாப்போம்."

போனேன், சொன்னேன், வகுப்பு பழையபடி பத்து மணிக்கே வந்துவிட்டது, நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு மட்டும் ஆஜர் சொல்கிறேன், அந்த ஒரே ஒரு 'எஸ் சார்'தான் தொண்டையில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.