ரெக்ஸ் படித்த மலாய்

ரெக்ஸுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் என்பது எங்கள் வீட்டில் பெரிய சங்கடமாக இருந்தது. உட்காரச் சொன்னால் நிற்கும். வா என்றால் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அம்மா சோற்றை வைத்துவிட்டு "சாப்பிடு" என்றால், தட்டின் முன்னால் மரியாதையாக நின்றுகொண்டிருக்கும். வேறு ஏதோ ஒரு சொல்லுக்காக அது காத்திருந்தது. அந்தச் சொல் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பசி முற்றியதும் தானாகத் தின்றது.

அது ஒரு வெள்ளைக்காரத் துரையின் நாய். அப்பா அவருடைய அலுவலகக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து, கொடி மாறி, கொஞ்ச காலத்தில் துரையும் அவர் மனைவியும் கப்பலேறினார்கள். துரையின் இடத்துக்கு உள்ளூர் அதிகாரி ஒருவர் வந்தார். காரும் ஓட்டுநரும் மாறவில்லை. நாய் மட்டும் எங்களிடம் வந்தது. துரையின் மனைவி கழுத்துப் பட்டையையும் தோல் வாரையும் அப்பாவின் கையில் கொடுத்து, தினமும் இதை நடக்கக் கூட்டிப்போக வேண்டும், வெயில் ஆகாது, நிழலாகப் பார்த்துக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அழுதாராம். குளிர்நாட்டு இனம். உடம்பெல்லாம் அடர்ந்த பழுப்பு ரோமம். மலாக்கா வெயிலில் அது கம்பளி போர்த்திக்கொண்டு நிற்பதைப் போலிருக்கும்.

மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் அது வந்து இறங்கிய அன்று அம்மா கேட்டாள்: "நாம நடக்கிறதே வேற வழியில்லாமத்தான். நாயை எதுக்குங்க வேலை மெனக்கெட்டு நடத்திக் கூட்டிட்டுப் போகணும்?"

"வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் அப்பா.

நிழல் இருந்தது ஆற்றங்கரையில்தான். எங்கள் தெருவைத் தாண்டி, மலாய்க்காரர்களின் தூண் வீடுகளுக்குப் பின்புறமாக ஓர் ஒற்றையடிப் பாதை ஆற்றை ஒட்டிப் போகும். ஒரு பக்கம் நீப்பா பனையின் ஓலைகளும் கட்டிப்போட்ட சம்பான் படகுகளும். மறுபக்கம் கோழிகள், காயும் துணிகள், சமையல் வாசனை. மேலே தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடித்திருக்கும். வேலை முடிந்து வந்ததும் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு ரெக்ஸுடன் கிளம்புவார். நானும் கூடவே போவேன். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும்.

அப்பாவுக்கு அந்தப் பாதையில் சில ஒழுங்குகள் இருந்தன. நாய் எப்போதும் தண்ணீர்ப் பக்கம். அவர் வீடுகளின் பக்கம். எதிரே யாராவது வந்தால் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, நாயைத் தன் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அதன் ஈர மூக்கு பட்டுவிட்டால் அவர்கள் தங்கள் மார்க்கப்படி மண்ணைக் கரைத்துக் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று எனக்குச் சொல்லியிருந்தார். "நம்மளால ஒருத்தருக்கு அந்த வேலை வைக்கக் கூடாது" என்பார். அவர்களும் நின்று, தலையசைத்து, நாங்கள் கடந்த பிறகு போவார்கள். அந்தப் பாதையில் யாரும் எங்களை ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்தபோது அப்பா ரெக்ஸுக்கு மலாய் சொல்லித்தர ஆரம்பித்தார்.

அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். வீடுகள் தள்ளிப்போய், பாதை வளைந்து, ஆறும் மரமும் மட்டும் இருக்கும் இடம் வந்ததும் அப்பா நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, நாயைப் பார்த்து "சீலா டுடோக், துவான்" என்பார். தயவுசெய்து உட்காருங்கள், ஐயா. ரெக்ஸ் நான்கைந்து நாளில் உட்காரக் கற்றுக்கொண்டது. அதன்பிறகு பாடம் கடினமாகிவிட்டது. துவானின் பெயர் என்ன? துவான் எங்கே குடியிருக்கிறீர்கள்? இங்கே வந்து எத்தனை வருடம் ஆகிறது? கேள்வியைக் கேட்பவரும் அப்பாதான், நாய்க்குப் பதிலாகப் பதில் சொல்பவரும் அப்பாதான். தடுமாறினால் முதலிலிருந்து தொடங்குவார். ரெக்ஸ் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதை நான் அம்மாவிடம் வந்து சொன்னேன். "ரெக்ஸை அப்பா துவான் துவான்னு கூப்பிடுறாரும்மா."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நாய்க்கு வந்த வாழ்வைப் பாரு. என்னை ஒரு நாளாவது வாங்க, உட்காருங்கன்னு சொல்லியிருக்காரா?"

அப்பா மலாய் தெரியாதவர் இல்லை. பாசாரில் மீன் வாங்குவார், பெட்ரோல் போடுமிடத்தில் சண்டை போடுவார். ஆனால் அது சந்தை மலாய். எதிரே யார் இருந்தாலும், நீ வா போ என்கிற மாதிரி, "லூ"தான். எங்கள் தெருவை ஒட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய மலாக்கா செட்டிகளின் வீடுகள் இருந்தன. கோயிலில் எங்களுடன் ஒரே சாமியைக் கும்பிடுவார்கள். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அம்மாவுக்குச் சிநேகிதியான ஒரு செட்டி வீட்டு அக்கா, அப்பா பேசுவதைக் கேட்டால் கெபாயா மேற்சட்டையின் நுனியால் வாயைப் பொத்திக்கொள்வாள். இப்படி ஓர் அதிகாரியிடம் "லூ" போட்டுப் பேசினால் நாற்காலி பறந்து வரும் என்று அவள் சொன்னதாக அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அப்போது அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

விஷயம் இதுதான். அம்மா மலாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். நான் ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அப்பா மட்டும் சிறுவயதில் தன் சித்தப்பாவுடன் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர். சுதந்திரம் வந்த கையோடு குடியுரிமைக்கு மனுப் போட்டவர்களுக்கு மொழியில் சலுகை இருந்தது. அப்பா போடவில்லை. ஒருநாள் திரும்பிப் போய்விடலாம் என்று அவரைப் போலப் பலருக்கும் ஒரு எண்ணம் இருந்தது. சலுகைக் காலம் முடிந்த பிறகு, குடியுரிமை இல்லாதவர்களை வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம் என்ற பேச்சு அலுவலக ஓட்டுநர்களிடையே கிளம்பியது. இப்போது மனுப் போட்டால் ஓர் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து மலாயில் பேசிக்காட்ட வேண்டும். தவறினால், ஒரே கூரையின் கீழ் மனைவியும் மகளும் இந்த நாட்டவர்களாகவும் அவர் மட்டும் வேற்று நாட்டவராகவும் இருப்பார். வேலையும் நிச்சயமில்லை. இது அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரெக்ஸுக்குப் படிப்பு மெதுவாக ஏறுகிறது என்பதுதான்.

சோங்கோக் தொப்பியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த ஒருவர் அலுவலகம் விட்டு அந்தப் பாதையில் சைக்கிளில் வீட்டுக்குப் போவார். ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்களைக் கண்டதும் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவே நிறுத்தி வழிவிடுவார். பேச்சு இருக்காது. ஒருநாள் அப்பா வளைவில் நின்று ரெக்ஸிடம் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் துவான் என்று கேட்டு, குரலைச் சற்று மாற்றிப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

அப்பா பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். யாரும் பேசாததால் நான் உதவிக்குப் போனேன். தெருவில் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய மலாயில், "இதுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அப்பா மலாய் சொல்லித் தர்றார்" என்றேன்.

அவர் நாயைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "நன்றாகப் படிக்கிறதா?" என்று என்னிடம் கேட்டார்.

"உட்காரத் தெரியும். மற்றதில் மட்டம்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். அப்பா ரெக்ஸை இழுத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

மறுநாளிலிருந்து நாங்கள் தார்ச்சாலையில் நடந்தோம். தெங்கேரா போகிற பக்கம் மரம் கிடையாது. பகலெல்லாம் காய்ந்த தார் மாலையிலும் சுட்டது. ரெக்ஸ் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்து, கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி வழியைக் கண்டதும் சிமெண்டுத் தரையில் வயிறு பட விழுந்து எழ மறுத்தது.

"ஆத்துப் பக்கமே போலாம்பா. அதுக்குக் கால் சுடுது."

"வேணாம்."

"ஏம்பா?"

"வேணாம்னா வேணாம், பாப்பா."

பாடமும் நின்றுபோயிற்று. ஒரு வாரத்தில் ரெக்ஸின் பாதத் தோல் உரிந்துவிட்டது. அம்மா அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, அப்பாவுக்குக் கேட்கும்படி நாயிடம் பேசினாள். "ஒருத்தர் கேட்டுட்டாராம், மானம் போயிருச்சாம். நாளைக்கு அந்த மேசைக்கு முன்னால உட்காரும்போது காதைப் பொத்திக்கிட்டா கேப்பாங்க? உனக்கு வாயிருந்தா கேளு ராசா, உன் துவான்கிட்ட."

அப்பா செய்தித்தாளைப் பிரித்தார், மடித்தார், மறுபடி பிரித்தார். மறுநாள் ஆற்றங்கரைக்குப் போனோம்.

சைக்கிள்காரர் வந்தார். வழக்கம்போல் தள்ளி இறங்கினார். சைக்கிளை நடுவில் நிறுத்தினார். பிறகு அப்பாவைப் பார்க்காமல், குனிந்து, நாயிடம் கேட்டார்: "ஆப்பா காபார், துவான்?" நலமா ஐயா?

ரெக்ஸ் உட்கார்ந்தது. அதற்குத் தெரிந்தது அதுதான்.

அப்பா ஆற்றைப் பார்த்தார். "காபார் பாய்க், துவான்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவர் ஒரு கேள்வி கேட்டார். நாயிடம்தான் கேட்பார். அப்பாதான் பதில் சொல்வார். பதில் தவறாக இருந்தால் அவர் அதையே சரியாகத் திருப்பிச் சொல்லி, நாயைப் பார்த்து "அப்படித்தானே, துவான்?" என்பார். அப்பா அதை முணுமுணுத்துக்கொள்வார். இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்கவில்லை. நடுவில் சைக்கிள் எப்போதும் இருந்தது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பரீட்சை நாய்க்கு, விடை அப்பாவுடையது என்றால் அது காப்பியடிப்பதுதானே. எங்கள் வகுப்பில் அதற்கு முட்டிபோட வைப்பார்கள்.

ஒருநாள் அவர், "துவான் ஏன் இந்த நாட்டிலேயே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்து மூடினார். சைக்கிள்காரர் காத்திருந்தார். "நாளைக்குச் சொல்லட்டும்" என்று நாயிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் இறங்குவதற்கு முன்பே அப்பா பதிலைச் சொல்லிவிட்டார். "என் பிள்ளை இங்கே இருக்கிறாள், துவான்." சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தார்.

சைக்கிள்காரர் எதையும் திருத்தவில்லை. நான்தான் திருத்தினேன். "தப்பு. ரெக்ஸுக்குக் குட்டியே இல்லை" என்றேன். இருவரும் சிரித்தார்கள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்பா தேர்வுக்குப் போனதையும், தேறியதையும் வீட்டில் அம்மா கேசரி கிண்டிய நாளை வைத்துப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். அன்று எதற்கான கேசரி என்று கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு சில மாதம் கழித்து ஒரு காலையில் அவர் தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு அல்லாமல் வேறெங்கோ போனார். உறுதிமொழி எடுக்கப் போயிருக்கிறார் என்றாள் அம்மா. நல்ல வெயிலில் திரும்பி வந்தார்.

"ஆச்சுங்களா?" என்றாள் அம்மா.

"ஆச்சு."

சாப்பிடவில்லை. சட்டையையும் மாற்றவில்லை. வாரை எடுத்தார். அந்த நேரத்தில் நடக்கப் போவது வழக்கமில்லையாதலால் ரெக்ஸே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழுந்தது.

நண்பகலிலும் அந்தப் பாதை குளிர்ச்சியாக இருந்தது. வளைவுக்கு வந்ததும் அப்பா வெள்ளைச் சட்டையோடு மரத்தடி வேரில் உட்கார்ந்தார். நாய் அவர் செருப்பின் மேல் மோவாயை வைத்துப் படுத்தது. பாடம் தொடங்கும் என்று காத்திருந்தேன். அப்பா அதனிடம் தமிழில் பேச ஆரம்பித்தார்.

தமிழ்நாட்டில் இருந்தபோது அவரிடமும் ஒரு நாய் இருந்ததாம். பெயர் வைக்கவில்லையாம். சித்தப்பாவோடு வண்டியேறிய அன்று அது வண்டிக்குப் பின்னாலேயே ரயில் நிலையம் வரைக்கும் ஓடி வந்ததாம். கல் எடுத்துக் காட்டியும் போகவில்லையாம். ரயில் கிளம்பியபோது நடைமேடையில் உட்கார்ந்திருந்ததாம். இதையெல்லாம் அவசரமில்லாமல், ஒரு தடவைகூடத் தடுமாறாமல், ரெக்ஸிடம் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்ததெல்லாம் என்னாவது?

"தமிழ்ல பேசாதப்பா. படிச்சதெல்லாம் அதுக்கு மறந்துரும்."

"மறக்காதும்மா" என்றார் அப்பா. நாயின் காதை வருடிக்கொண்டே மறுபடியும் சொன்னார், "மறக்காது."

பல வருடங்களுக்குப் பிறகு வேறு வேலையாக ஒரு சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது அந்த உறுதிமொழியின் வாசகத்தைப் படித்தேன். இந்த நாட்டுக்கு வெளியே உள்ள எந்த நாட்டின்மீதும் தனக்கிருக்கும் விசுவாசம் முழுவதையும் முற்றாகத் துறப்பதாகச் சொல்ல வேண்டும். சின்ன வாக்கியம்தான். அப்பா அதை அன்று காலை சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அன்று எனக்கு அது தெரியாது. நான் ரெக்ஸின் முகத்தைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சிமிட்டாமல், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்:

"அம்மா, ரெக்ஸுக்குத் தமிழும் தெரியுது."