நின்றால் வருகிற வலி

பொன்செல்வி ஒற்றைக் காலில் நிற்கிறாள். வேண்டுதல் ஒன்றும் இல்லை. திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுச்சேலைப் பிரிவில் பதினொரு வருட வேலை. மாலை நான்கு மணி ஆனால் இடுப்பை மேசையோரம் முட்டுக்கொடுத்துக்கொண்டு, "இந்தக் கலரு ஒங்களுக்கு எடுப்பா இருக்கும் மைனி" என்று சிரிப்பாள். எனக்கு நான்கு சேலை அப்படித்தான் விற்றாள்; சேலையோடு சிநேகமும் ஒட்டிக்கொண்டது.

உட்கார ஸ்டூல் உண்டு. சட்டமே இருக்கிறதே! அதிகாரி வருகிற அன்று பொன்செல்வி உட்காருவாள். மற்ற நாட்களில் சேலை கட்டிய பொம்மை உட்கார்ந்திருக்கும். பாவம், பொம்மைக்குக் கால் வலிக்குமல்லவா.

மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு வந்தது இந்த அடிவயிற்று வலி. "காலைல ஒண்ணும் தெரியாது. நிக்க நிக்க, உள்ள கல்லக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கும். படுத்தா பைய அடங்கிரும்." படுத்தால் அடங்குகிற வலிக்குச் சோம்பல் என்று பெயர். கண்டுபிடித்தவன் கணவன் செந்தூர்பாண்டி. படித்தவர்கள் அதோடு விடுவார்களா? ஒருவர் வாயு என்றார், ஒருவர் சூடு என்றார், ஒருவர் மனசு என்றார். மூன்று ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாததால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று ஒரு பெரிய டாக்டர் நாள் குறித்தார். "மூணு பெத்தாச்சே, இனி எதுக்கும்மா அது?" அவருக்கும் முடி கொட்டிப் பல வருடமாகிறது. தலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன் இன்னொரு ஸ்கேன். எடுத்த டாக்டர் விஜயஸ்ரீ, யாருமே கேட்காததைக் கேட்டார்: "எப்போ வலிக்கும்?"

"நின்னா."

"அப்போ எந்திரிச்சு நில்லுங்க."

நிற்கவைத்துப் பார்த்தால், கர்ப்பப்பையைச் சுற்றி ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டு கிடந்தன, காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிற மாதிரி. ஊசித்துளை வழியாகவே அவற்றை அடைத்துவிடலாமாம். கர்ப்பப்பை அதன் இடத்திலேயே இருக்கலாமாம். "ஏழு வருசமா எல்லாரும் என்னயப் படுக்க வச்சே பாத்திருக்காவ" என்று பொன்செல்வி என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

குறித்த நாளில் நானும் கூடப் போனேன். பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே கட்டிலைக் காட்டினார். "படும்மா."

"டாக்டரு சொல்லுதாருல்லா, படு" என்றான் செந்தூர்பாண்டி.

அவள் படுக்கவில்லை. கையெழுத்துக்கு நீட்டிய சம்மதத்தாளை வாங்கி, பட்டுச்சேலை மடிக்கிற நேர்த்தியில் ஓரம் சேர்த்து நாலாக மடித்து, அவர் கையிலேயே கொடுத்தாள்.