ராத்திரி மேட்ச்சுல வெயில்

செத்துப்போன ஃப்ரெண்டை டிவியில பாத்துட்டு, அவன் உயிரோட இருக்கான்னு அவன் பொண்டாட்டிக்கே போன் பண்ணின ஆள் நான். அதுவும் பட்டப்பகல்ல, ஒரு சொட்டு குடிக்காம.

அமெரிக்காவுல பேஸ்பால் ஃபைனல் ராத்திரி நடக்கும். ஆக்லாந்துல நமக்கு அது மத்தியானம். வருஷா வருஷம் நானும் அவனும் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு எங்க வீட்டு சோபாவுல உக்காந்துடுவோம். அவன் யாழ்ப்பாணத்துக்காரன். ரூல் எல்லாம் அவன்தான் சொல்லித் தருவான். எனக்குப் பாதி புரியாது, அவன் கத்துனா நானும் கத்துவேன். இந்த வருஷம் குளிர் ஆரம்பிக்கிறப்போ ஹார்ட் அட்டாக். அவன் பெட்டியைத் தூக்கின தோள்ல என் தோளும் ஒண்ணு.

அவன் மனைவி ஆக்லாந்துலயே ரானுயிங்கிற ஏரியாவுல இருக்கா. மேட்ச்சுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பிச்சிருந்தா. அவ திரும்ப உடைஞ்சு போயிடக் கூடாது, அவ முன்னாடி அவன் பேச்சையே எடுக்காதீங்கன்னு என் வீட்டுக்காரி எனக்குத் தனியா கிளாஸ் எடுத்திருந்தா.

இந்தத் தடவை தனியா உக்காந்தேன். பாதி ஆட்டத்துல அங்க மழை. தார்பாய் போட்டு மைதானத்தை மூடினாங்க. நான் சாம்பாரைச் சுட வைக்கப் போனேன். தட்டோட திரும்பி வந்தா ஆட்டம் ஓடுது. கூட்டத்தைக் காட்டுறாங்க. மூணாவது வரிசையில அவன்.

மஞ்சள் கம்பளி ஜம்பர், கையில கடலைப் பொட்டலம். மெல்லுறதை நிறுத்திட்டு நேரா என்னைப் பாத்தான். தட்டு சாஞ்சு சாம்பார் என் தொடையில இறங்குச்சு, சூடே தெரியல. கேமரா எங்கெங்கயோ போயிட்டு மறுபடி அவன்கிட்டயே வந்துச்சு. கையைத் தூக்கிக் காட்டினான்.

அங்க ராத்திரி. மைதானத்துல வெயில் பளீர்னு அடிக்குது. அதுகூட என் மண்டையில ஏறல.

அவன் மனைவிக்குப் போன் போட்டேன். தங்கச்சி, அவன் அமெரிக்காவுல இருக்கான்னு சொன்னேன். என்ன உடுப்பு போட்டிருக்கார்னு மட்டும் கேட்டா. சொன்னேன்.

"அந்த ஜம்பர் இஞ்ச அலுமாரிக்குள்ள கிடக்கு, அண்ணா."

அவ எழுந்துபோய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து, எந்தச் சேனல்னு கேட்டா.

அவ டிவி என்னோடதுக்குக் கொஞ்சம் பின்னாடி ஓடுச்சு. அதே கமெண்டரி, இங்க ஒரு தடவை, போன்ல ஒரு தடவை. என் டிவியில அவன் மறுபடி வந்தான், சிரிச்சான், போயிட்டான். அவ வீட்டுக்கு இன்னும் வரல. நான் ஒண்ணும் சொல்லாம காத்திருந்தேன். அப்புறம் போன்ல அவ மூச்சை இழுக்கிறது கேட்டுச்சு.

மழை விடுற வரைக்கும் பழைய ஆட்டம் ஏதாவது போட்டு ஓட்டுவாங்களாம். டிவி மூலையில எழுதியே போட்டிருந்துச்சுன்னு அவதான் சொன்னா. பல வருஷம் முன்னாடி அவன் அமெரிக்காவுல அண்ணன் வீட்டுக்குப் போனப்ப பாத்த ஆட்டமாம் அது.

சாயங்காலம் என் வீட்டுக்காரி என்னை வறுத்தெடுத்து, மன்னிப்புக் கேக்கச் சொல்லி ரானுயிக்கு இழுத்துட்டுப் போனா. வீணா ஆசை காட்டிட்டேனேம்மான்னு நான் தலையைச் சொறிஞ்சேன். தங்கச்சி டீயை என் முன்னாடி வச்சா.

"அவர் செத்தது எனக்குத் தெரியும், அண்ணா. உங்களுக்குத்தான் இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை போல."